விளக்கு எரியுமுன் மறைந்தவர்
திவான் சேஷாத்ரி ஐயரின் வாழ்க்கை

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கொல்லங்கோட்டில் நிற்பவரின் கண் தானாகவே தெற்கே நெல்லியாம்பதி மலைக்குப் போகும். பசுமையான மலைச்சரிவில் சீதார்குண்டு அருவி வெள்ளிச் சரிகை போல இறங்கிக்கொண்டிருக்கும். கோவிந்தாபுரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தொழிலாளியும், அலுவலகம் முடிந்து திரும்பும் குமாஸ்தாவும் அதை ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்கள். பிறகு தங்கள் வழியே போவார்கள்.

அருவியைப் பார்க்கும் கண்கள் பலவிதம். கவிஞன் அதில் அழகைக் காண்கிறான். பக்தன் தெய்வத்தைக் காண்கிறான். அந்த நீர் விழும் வேகத்தை வீணாக்காமல் வேலை வாங்க முடியுமா என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. நூற்று இருபது ஆண்டுகளுக்கும் முன்னால் அப்படிக் கேட்டு, ஒரு சமஸ்தானத்தின் பணத்தையும் தம் பெயரையும் அதற்காகப் பணயம் வைத்தவர், இதே பாலக்காட்டுச் சீமையில் பிறந்த ஒரு தமிழர். கொல்லங்கோட்டில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில்தான் அவர் பிறந்த ஊர் இருக்கிறது. அவர் பெயர் சேஷாத்ரி ஐயர். மைசூரின் திவானாகப் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவர்.

குமரபுரத்துப் பிள்ளை

பாலக்காட்டு அக்கிரகாரங்களில் ஒன்று குமரபுரம். 1845-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி சேஷாத்ரி அங்கே பிறந்தார். பாலக்காடு அப்போது மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. மலபாரோ சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், கச்சேரியில் இங்கிலீஷ் என்று மூன்று மொழிகளும் கலந்து ஒலித்த ஊர் அது.

தந்தை அனந்தநாராயண ஐயர் கோழிக்கோட்டில் வக்கீலாக இருந்தவர். பிள்ளை விவரம் தெரியும் வயதை அடையும் முன்பே அவர் காலமாகிவிட்டார். மூத்த தாரத்து மகனான தமையனின் ஆதரவில் சேஷாத்ரி வளர்ந்தார். கோழிக்கோடு, திருவனந்தபுரம் என்று இடம் மாறி மாறிப் படித்து, கடைசியில் சென்னைப் பிரெசிடென்சி கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. பட்டம் பெற்றார். பட்டதாரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது.

பட்டம் கையில் இருந்தும், கிடைத்த முதல் வேலை பெரிய வேலையல்ல. கோழிக்கோடு கலெக்டர் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளர் பணி. மனுக்களையும் தீர்ப்புகளையும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றி எழுதுவது. பிற்காலத்தில் ஒரு ராஜ்யத்தின் நிதியையே நிர்வகித்த கைகள், முதலில் கச்சேரிக் காகிதங்களைத்தான் எழுதிப் பழகின.

பிழைக்கப் போன சீமை

கோழிக்கோட்டில் அப்போது பணியாற்றியவர்களில் ரங்காசார்லு என்ற அதிகாரியும் ஒருவர். அவரும் தமிழ்நாட்டுக்காரரே. 1868-ல் அவருக்கு மைசூரில் பொறுப்பான வேலை கிடைத்தது. இளைஞர் சேஷாத்ரியின் திறமையை அவர் கண்டு வைத்திருந்தார். மைசூருக்கு வரும்படி அழைத்தார். சேஷாத்ரியும் மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏறினார். அஷ்டகிராமப் பிரிவில் நீதித்துறைச் சிரஸ்தார் வேலை. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

அதன்பின் ஒவ்வொரு படியாக ஏறினார். வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்துத் தேறினார். தும்கூரில் டெபுடி கமிஷனராக இருந்தார். 1881-ல் ஆங்கிலேயர் மைசூரை மீண்டும் மகாராஜா வம்சத்தினிடம் ஒப்படைத்தார்கள். ரங்காசார்லு திவான் ஆனார். அவருக்கு வலக்கையாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர். 1883 ஜனவரியில் ரங்காசார்லு காலமானார். அடுத்த மாதமே திவான் பதவி சேஷாத்ரி ஐயரைத் தேடி வந்தது. வயது முப்பத்தேழு.

கடன்பட்ட ராஜ்யம்

கையில் கிடைத்தது பூமாலையல்ல. 1876 முதல் 1878 வரை மைசூரை வாட்டிய பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். ராஜ்யத்தின் தலையில் பெருங்கடன் ஏறியிருந்தது. செலவைக் குறை என்பதே எல்லோரும் சொன்ன யோசனை. குறைக்க வேண்டிய இடத்தில் சேஷாத்ரி ஐயர் குறைத்தார். ஆனால் பலன் தரக்கூடிய காரியத்துக்குச் செலவழிக்க அவர் தயங்கவில்லை.

ரயில் பாதைகள் நீண்டன. ஏரிகளும் கால்வாய்களும் செப்பனிடப்பட்டன. பெங்களூர் நகரின் குடிநீர்ப் பஞ்சம் தீர ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய் மூலம் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. வறண்ட சித்ரதுர்க்கா ஜில்லாவில் வேதாவதி ஆற்றின் குறுக்கே மாரிகணிவே அணை 1898-ல் தொடங்கியது. கோலார் பகுதியில் தங்கச் சுரங்கங்கள் பெருகின. வெட்டி எடுத்த தங்கத்துக்கு ராயல்டியாகச் சமஸ்தானத்துக்கு ஒரு பங்கு வந்து சேர்ந்தது.

1894 டிசம்பரில் மகாராஜா சாமராஜேந்திர உடையார் கல்கத்தா சென்றிருந்தபோது தொண்டை அழற்சி நோயால் திடீரெனக் காலமானார். பட்டத்துக்குரிய மகன் சிறுவன். மகாராணியார் ரீஜண்டாகப் பொறுப்பேற்றார். ஆட்சியின் சுமை முன்னைவிட அதிகமாகத் திவானின் தோளில் விழுந்தது.

வெளியூர்க்காரர் என்ற பழி

சேஷாத்ரி ஐயருக்குப் புகழ் மட்டுமே கிடைக்கவில்லை. மைசூர் மைசூர்க்காரர்களுக்கே என்ற குரல் அவர் காலத்தில்தான் பலமாக எழுந்தது. சென்னை ராஜதானியிலிருந்து வந்தவர்கள் பெரிய உத்தியோகங்களைப் பிடித்துக்கொண்டார்கள், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வழியில்லை என்பது குற்றச்சாட்டு. அந்தக் கோபம் முற்றிலும் நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. சொந்த மண்ணில் படித்துவிட்டு வேலைக்கு ஏங்குகிறவனுக்கு, வெளியிலிருந்து வந்தவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது கண்ணை உறுத்தத்தான் செய்யும். போட்டித் தேர்வு வைத்து அதிகாரிகளை எடுக்கும் முறை அவர் காலத்தில் வந்தது. ஆனாலும் குறை முழுவதும் தீரவில்லை.

பிடிவாதக்காரர், எதிர்ப்பைப் பொறுக்காதவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. 1898-ல் பெங்களூரில் பிளேக் நோய் பரவியபோது எடுத்த கடுமையான நடவடிக்கைகள் ஜனங்களின் மனத்தைப் புண்படுத்தின. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்வது நேர்மையாகாது.

பிழைக்க வந்தவன் என்ற பேச்சுக்கு வாயால் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் குறைவு. சேஷாத்ரி ஐயரின் பதில் காவிரிக் கரையில் உருவாயிற்று.

அருவி ஓரிடம், தேவை ஓரிடம்

மைசூருக்குக் கிழக்கே சிவசமுத்திரத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. இடப்புறக் கிளை ககனசுக்கி அருவியாகவும் வலப்புறக் கிளை பரசுக்கி அருவியாகவும் விழுகின்றன. மைசூர் ராஜ்யமும் சென்னை ராஜதானியும் சந்திக்கும் எல்லை அது. வலக்கரையில் இருந்த கொள்ளேகால் தாலுகா 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது.

அங்கிருந்து கிழக்கே வெகு தூரத்தில் கோலார் தங்கவயல். வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து கூட்டங்கூட்டமாகப் போன தமிழர்கள்தான் அங்கே சுரங்கத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர். தங்கப் பாறையைப் பொடியாக்கவும், ஆழத்திலிருந்து கல்லையும் ஆளையும் மேலே இழுக்கவும், ஊறும் தண்ணீரை இறைக்கவும் நீராவி எந்திரங்கள் ஓடின. அவற்றின் அடுப்புக்கு விறகும் நிலக்கரியும் வேண்டும். காடுகள் அழிந்துகொண்டே வந்தன. நிலக்கரியோ வெகு தொலைவிலிருந்து ரயிலில் வர வேண்டும். சுரங்கம் ஆழமாக ஆழமாக எரிபொருள் செலவும் ஏறிற்று.

ஓரிடத்தில் சக்தி வீணாகிறது. இன்னோரிடத்தில் சக்திக்குப் பஞ்சம். இரண்டையும் இணைக்கலாம் என்ற திட்டத்தை வகுத்தவர் மைசூரில் பணியாற்றிய ராணுவ எஞ்சினீயர் ஜோலி டி லோட்பினியேர். கனடா நாட்டுக்காரர். இடையில் இருந்த தூரம் 92 மைல். அமெரிக்காவில் புகழ்பெற்ற நயாகரா அருவியிலிருந்து பஃபலோ நகருக்கு 1896-ல் மின்சாரம் போனபோது அது கடந்த தூரம் சுமார் 25 மைல்தான். இந்தியாவில் 1897-ல் டார்ஜிலிங்கில் ஒரு சிறு நீர்மின் நிலையம் ஊர் விளக்குகளுக்காக ஏற்பட்டிருந்தது. 92 மைல் என்பது அன்றைக்கு உலகத்துக்கே புதுமை. தோற்றால் எஞ்சினீயருக்கு அவமானம். திவானுக்கோ, பஞ்சத்திலிருந்து இப்போதுதான் தலை தூக்கிய ராஜ்யத்தின் பணத்தைக் காட்டுக்குள் கொட்டினார் என்ற தீராப் பழி.

சேஷாத்ரி ஐயர் சம்மதித்தார்.

மின்சாரம் பிறக்கும் விதம்

அந்தத் திட்டத்தின் சூட்சுமம் எளிமையானது. ஆற்று நீரை அருவிக்கு மேலேயே கால்வாயில் திருப்பி, மலை விளிம்பிலிருந்து இரும்புக் குழாய்களின் வழியாகக் கீழே இறக்க வேண்டும். சுமார் 400 அடி உயரம். அவ்வளவு உயரத்திலிருந்து குழாய்க்குள் அடைபட்டு இறங்கும் நீர், அடியில் உள்ள டர்பைன் என்னும் நீர்ச்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தின் அச்சோடு இணைந்த ஜெனரேட்டரும் சுழல்கிறது. காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. நீர் விழும் உயரமும், விழும் அளவும் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு மின்சாரமும் அதிகம்.

பிறந்த மின்சாரத்தை வெகு தூரம் அனுப்புவது அடுத்த பிரச்னை. கம்பியில் ஓடும் மின்னோட்டம் அதிகமானால் கம்பி சூடேறி, வழியிலேயே சக்தி வீணாகிவிடும். மின்னழுத்தத்தை உயர்த்தி மின்னோட்டத்தைக் குறைத்தால் அதே சக்தி அதிக நஷ்டமில்லாமல் போய்ச் சேரும். இதைச் செய்வது டிரான்ஸ்பார்மர். சிவசமுத்திரத்திலிருந்து கோலாருக்கு 35,000 வோல்ட் அழுத்தத்தில் அனுப்பத் திட்டமிட்டார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அழுத்தத்தைக் குறைத்து மோட்டார்களுக்குக் கொடுப்பது ஏற்பாடு. இன்று கொல்லங்கோட்டில் தெரு முனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் செய்வதும் இந்தக் கடைசி வேலையைத்தான்.

இதில் எரிவது எதுவும் இல்லை. புகை இல்லை, சாம்பல் இல்லை. சக்கரத்தைச் சுற்றிய நீர் ஒரு துளியும் குறையாமல் மறுபடியும் ஆற்றிலேயே சேர்ந்துவிடுகிறது. இந்த அம்சம் அங்கே மிக முக்கியமாயிருந்தது. காவிரியின் கீழ்ப்பகுதியில் தஞ்சை டெல்டா இருக்கிறது. மேலே யாராவது தண்ணீரைத் தொட்டால் தஞ்சை விவசாயியின் வயிறு கலங்கும். புதிய பாசன அணை கட்டுவதற்குச் சென்னையின் சம்மதம் வேண்டும் என்ற ஒப்பந்தம் 1892-ல் ஏற்பட்டிருந்தது. அப்போது மைசூரின் திவான் சேஷாத்ரி ஐயரேதான். பாசனத்துக்கு எடுத்த நீர் வயலில் தங்கிவிடும். மின்சாரத்துக்கு எடுத்த நீர் திரும்ப வந்துவிடும். இந்த வித்தியாசமே சிவசமுத்திரத் திட்டத்துக்கு வழி திறந்தது.

முதலில் வாடிக்கைக்காரர், பிறகு வேலை

அருவியின் சக்தியைத் தங்களுக்குக் குத்தகைக்குத் தரும்படி தனியார் சிலர் 1894-லேயே கேட்டிருந்தார்கள். அப்படிக் கொடுத்திருந்தால் சர்க்காருக்குக் கவலை இல்லை. ஆனால் லாபமும் இல்லை. கடைசியில் சமஸ்தானமே தன் செலவில் நடத்துவதென்று முடிவாயிற்று. ஓர் ஆற்றின் சக்தி ஜனங்களின் பொதுச் சொத்து என்பதை நாட்டுக்கு முன்கூட்டியே காட்டிய முடிவு அது.

துணிச்சல் இருந்த அளவுக்கு எச்சரிக்கையும் இருந்தது. லோட்பினியேர் 1899-ல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் அங்கிருந்த மின் நிலையங்களைப் பார்த்து வந்தார். நீர்ச்சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வீஸ் கம்பெனியிடமும், மின் எந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிடமும் வாங்க ஏற்பாடாயிற்று. சுரங்கங்களை நிர்வகித்த ஜான் டெய்லர் கம்பெனியோடு 1900-ல் பத்து வருஷ ஒப்பந்தம் எழுதப்பட்டது. நாலாயிரம் குதிரைசக்தி மின்சாரத்தை அவர்கள் விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குபவரைக் கையெழுத்துப் போட வைத்த பிறகே கடப்பாரை மண்ணில் விழுந்தது. கச்சேரிக் காகிதம் எழுதிப் பழகியவரின் கணக்கு அது!

கனமான எந்திரங்கள் கடல் கடந்து வந்து, ரயிலில் மத்தூர் வரை போயின. அங்கிருந்து பாதை சரியில்லாத சுமார் முப்பது மைல் தூரத்தை மாட்டு வண்டிகளும் யானைகளும் இழுத்துக் கடத்தின. பாறையைக் குடைந்து கால்வாய் வெட்டியவர்கள், மலைச்சரிவில் குழாய்களை இறக்கியவர்கள், 92 மைல் தூரத்துக்குக் கம்பங்கள் நட்டுச் செம்புக் கம்பி இழுத்தவர்கள் ஆயிரக்கணக்கான கூலியாட்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அவர் காணாத வெளிச்சம்

வேலை மும்முரமாக நடக்கும்போதே திவானின் உடல்நிலை குலைந்துவிட்டது. பதினெட்டு ஆண்டு உழைப்பு அவரை உலுக்கியிருந்தது. 1901 மார்ச்சில் பதவியிலிருந்து விலகினார். அதே ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி பெங்களூரில் காலமானார். வயது ஐம்பத்தாறு.

1902-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் கோலார் தங்கவயலை அடைந்தது. அவர் மறைந்து இன்னும் பத்து மாதம்கூட ஆகவில்லை. ஆறு ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் 720 கிலோவாட், மொத்தம் 4,320 கிலோவாட். உலகமே சந்தேகத்தோடு பார்த்த 92 மைல் பாதை வேலை செய்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அது சமஸ்தானத்துக்கு நல்ல வருமானமும் தந்தது. 1905 ஆகஸ்டில் பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது. அடுத்து மைசூர் நகருக்கும் மின்சாரம் வந்தது.

பலன் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கிடைத்துவிடவில்லை. முதல் மின்சாரம் போனது சுரங்க எந்திரங்களுக்கு. வெட்டி எடுத்த தங்கம் போனது கடல் கடந்து. மின்சாரத்தால் சுரங்கம் இன்னும் ஆழமாகப் போனது. அந்த ஆழத்தில் இறங்கி உயிரைப் பணயம் வைத்தவன் தமிழ்த் தொழிலாளி. கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் வரை போன அந்தச் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டன. தங்கம் எடுப்பது நின்றது. காவிரி மட்டும் இன்றும் சிவசமுத்திரத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு விளைவும் உண்டு. கோடையில் ஆற்று நீர் குறைந்தபோது ஒப்பந்தப்படி மின்சாரம் கொடுப்பது கஷ்டமாயிற்று. நீரைத் தேக்கி வைத்து ஆண்டு முழுவதும் விட வேண்டிய தேவையும் சேர்ந்துதான், 1911-ல் கிருஷ்ணராஜசாகர் அணை வேலை தொடங்கியது. நீரைத் தேக்குவது என்றதும் சென்னைக்கும் மைசூருக்கும் தகராறு முற்றியது. 1924-ல் புதிய ஒப்பந்தம் பிறந்தது. அதன்பின் மேட்டூர் அணை எழுந்தது. அங்கேயும் 1937-ல் மின்சாரம் உற்பத்தியாயிற்று. ஒரே காவிரி நீர் சிவசமுத்திரத்தில் ஒருமுறை, மேட்டூரில் ஒருமுறை சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் தஞ்சை வயலுக்குப் போகிறது.

பிறந்த மண்ணுக்கு வந்த மின்சாரம்

சேஷாத்ரி ஐயர் பிறந்த பாலக்காட்டின் இரு பக்கத்து மலைகளும் பின்னால் அதே வழியைத்தான் பின்பற்றின. வடக்கே நீலகிரியில் பைக்காரா நிலையம் 1932-ல் தொடங்கியது. கோவையின் பஞ்சாலைகள் பெருகியதற்கும், கமலை இறைத்த கிணறுகளில் மோட்டார் பம்ப்செட் ஏறியதற்கும் அந்த மின்சாரமே காரணம். மலபாரும் 1956 வரை சென்னையோடு இணைந்திருந்தது. தெற்கே மூணாறுக்கு அருகே பள்ளிவாசல் நிலையம் 1940-ல் திருவிதாங்கூரில் இயங்கத் தொடங்கியது. தனியாரிடம் விடாமல் சர்க்காரே மலையருவியில் மின்சாரம் எடுக்கும் அதே பாதைதான் அங்கும். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்த அந்த மலைகளில் பிறகு செங்குளம், பன்னியாறு என்று நிலையங்கள் தொடர்ந்தன. 1976-ல் இடுக்கி வந்தது. அதன் திறன் 780 மெகாவாட். சிவசமுத்திரம் தொடங்கிய நாளில் இருந்த திறனைப்போல் 180 மடங்கு.

கொல்லங்கோட்டுக்குப் பக்கத்திலேயே பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் இருக்கிறது. பரம்பிக்குளத்து நீர் சர்க்கார்பதி நிலையத்தில் மின்சாரம் தந்துவிட்டுத்தான் சமவெளிக்குப் பாய்கிறது. இரண்டு மாநிலங்கள் பேசி முடித்து ஏற்படுத்திய ஏற்பாடு அது. தண்ணீர் பற்றிய சச்சரவு அவ்வப்போது எழத்தான் செய்கிறது. சக்கரங்களோ நிற்பதில்லை.

பெங்களூரில் சேஷாத்ரிபுரம் என்ற பேட்டை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கப்பன் பூங்காவில் அவர் நினைவாக எழுந்த மண்டபத்தில் நூலகம் நடக்கிறது. அதன் எதிரே உள்ள சிலை 1913-ல் திறக்கப்பட்டது. வெளியூர்க்காரர் என்று ஒரு காலத்தில் குறை சொன்ன நகரம், அவரைத் தன்னவராகவே ஏற்றுக்கொண்டுவிட்டது.

வேற்றுச் சீமையில் பிழைக்கப் போகிறவர்கள் தங்கள் ஊருக்கு மணியார்டர் அனுப்புகிறார்கள். போன ஊருக்கும் எதையாவது விட்டுவிட்டு வருகிறார்கள். சிலர் கட்டிய சுவரை, சிலர் போட்ட ரோட்டை, சிலர் எழுதிய கணக்கை. குமரபுரத்திலிருந்து போன மொழிபெயர்ப்பாளர் விட்டுச் சென்றது ஓர் ஆற்றின் வெளிச்சத்தை. அந்த வெளிச்சத்தை ஒரு நாள்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள். இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.